பகடைக்குள் ஓர் எண்முகி

முதலில் ஒரு சிறு கணக்கு. மாலிப்டினமும் டெலுரியமும் கூடி உண்டாகும் ஒரு சேர்மத்தில், 3 மாலிப்டினம் அணுக்களுக்கு 4 டெலுரியம் அணுக்கள் உள்ளன. டெலுரியம் ஆக்சிஜன், கந்தகம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கு அதன் இணைதிறன் 2. அப்படியானால் மாலிப்டினத்தின் இணைதிறன் என்ன? 8-ஐ 3-ஆல் வகுத்தால் முழு எண் வரவில்லையே!

வகுத்தலில் பிழை இல்லை. உலோக அணுக்கள் தனித்தனியே நிற்கின்றன என்று நாம் எண்ணிக்கொண்டதுதான் பிழை.

ஒரு பகடையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 8 மூலைகள், 6 முகங்கள். மூலைக்கொன்றாக டெலுரியம் அணுவையும், ஒவ்வொரு முகத்தின் நடுவில் ஒரு மாலிப்டினம் அணுவையும் வையுங்கள். முக மையங்களைக் கோடுகளால் இணைத்தால் பகடைக்குள் ஓர் எண்முகி தோன்றும். எக்ஸ் கதிர்கள் காட்டிய அமைப்பு ஏறத்தாழ இதுவே. 3-க்கு 4 அல்ல, 6-க்கு 8 என்பதே இதன் உண்மையான அலகு.

ஒவ்வொரு மாலிப்டினத்தையும் சுற்றி 4 டெலுரியம். ஒவ்வொரு டெலுரியத்தையும் சுற்றி 3 மாலிப்டினம். ஆறு நான்கு 24, எட்டு மூன்று 24. கணக்குச் சரியாக இருக்கிறதல்லவா?

மாலிப்டினம் அணுக்கள் தமக்குள்ளும் பிணைந்துள்ளன. அவற்றின் இடைவெளி, தூய மாலிப்டின உலோகத்தில் உள்ள இடைவெளியை ஒத்தது. இவ்வாறு உலோக அணுக்கள் ஒன்றோடொன்று நேரே பிணைந்த தொகுதியைக் ‘கொத்து’ என்கிறோம். 1971-இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ரோஜே ஷெவ்ரெலும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கந்தகச் சேர்மங்களிலும் இதே வகைக் கொத்துதான் உள்ளது.

இனி எலக்ட்ரான்களை எண்ணுவோம். மாலிப்டினத்தின் வெளி எலக்ட்ரான்கள் 6. ஆறு அணுக்களுக்கு 36. எட்டு டெலுரியங்களும் ஆளுக்கு 2 வீதம் 16 எலக்ட்ரான்களைப் பெறுகின்றன. மிச்சம் 20. எண்முகியின் விளிம்புகளோ 12. விளிம்புக்கு ஓர் இணை என்றால் 24 வேண்டும், 4 குறைகின்றன. ஆகவே 20 எலக்ட்ரான்களையும் ஆறு உலோக அணுக்களும் பொதுச் சொத்தாக வைத்துக்கொள்கின்றன. இணைதிறன் பின்னமாகத் தோன்றியதன் காரணம் இதுதான்.

இந்தக் குறைக்கு ஒரு பயனும் உண்டு. ஒரு கொத்தின் மாலிப்டினம், அடுத்த கொத்தின் டெலுரியத்தையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. எனவே நிரம்பாத எலக்ட்ரான் நிலைகள் படிகம் முழுவதும் பரவி நிற்கின்றன. சேர்மம் உலோகத்தைப் போல மின்சாரத்தைக் கடத்துகிறது.

எண்ணிக்கை 24 ஆனால்? ரீனியம் டெலுரைடில் 2 ரீனியத்துக்கு 5 டெலுரியம். மூன்றால் பெருக்குங்கள்: 6-க்கு 15. இதில் 8 டெலுரியம் பகடையின் மூலைகளில். மீதி 7 சேர்ந்து, இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்ற தனிக் குழு. ரீனியத்தின் வெளி எலக்ட்ரான்கள் 7. ஆகவே 42-இல் 16-உம் 2-உம் போக மிச்சம் சரியாக 24! நிறைகுடம் தளும்பாது, இச்சேர்மம் வெறும் குறைகடத்தியே.

உங்களுக்கு ஒரு பயிற்சி: 4 மாலிப்டினம், 2 ருதீனியம், 8 செலினியம் கொண்ட கொத்தை எண்ணிப் பாருங்கள். ருதீனியத்தின் வெளி எலக்ட்ரான்கள் 8. செலினியமும் டெலுரியத்தின் குடும்பமே. அது உலோகம்போல் கடத்துமா, குறைகடத்தியா? விடையைச் சொல்ல உங்களுக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, பென்சில் போதும்.