அறுவைக்குப் பின் நாயிடம் காண வேண்டுவன

எங்கள் விடுதி வாயிலைக் காக்கும் கறுப்பியைக் காரியவட்டத்தில் அறியாதார் இலர். சென்ற மழைக்காலத்தில் அறைக்கு இவ்வளவு என்று பணம் திரட்டி அதற்குக் கருத்தடை அறுவை செய்வித்தோம். மாலையில் ஆட்டோவில் கொண்டுவந்து சாக்கின்மேல் கிடத்தினோம். "மயக்க மருந்தின் களைப்பு, உறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு நான் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டேன். இரவு ஒன்பது மணிக்குத் திரும்பிப் பெயர் சொல்லி அழைத்தபோது வால்கூட அசையவில்லை. தொலைபேசியில் மருத்துவர் முதலில் கேட்டது, 'மோண' என்ன நிறம் என்பது. திருநெல்வேலியிலிருந்து வந்த எனக்கு அச்சொல் விளங்கவில்லை. ஈறு என்று மலையாள நண்பர் சொன்ன பிறகே உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளைவெளேரென்று இருந்தது.

பெட்டை நாய்க்குச் செய்யும் இவ்வறுவையில் சூலகங்களையும் கருப்பையையும் அகற்றி, இரத்தக் குழாய்களைக் கட்டிவிடுவர். கட்டு நழுவினால் இரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். தையலில் ஒரு துளியும் தோன்றாமல் இருக்கலாம். ஆகவே முதல் நாளில் தையலை மட்டும் பார்த்தால் போதாது, ஈற்றையும் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பான ஈற்றை விரலால் அழுத்தினால் வெளுக்கும். விரலை எடுத்ததும் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பத் தாமதித்தாலும், அழுத்துமுன்பே வெளுத்திருந்தாலும், வயிறு உப்பி மூச்சு விரைந்தாலும் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. (வலியுள்ள நாய் வளர்த்தவரையும் கடிக்கும்; தலையை ஒருவர் பிடித்துக்கொள்க.)

முதல் நாள் தள்ளாட்டமும் தூக்கமும் இயல்பே. ஆனால் அழைத்தால் கண்ணாவது திறக்க வேண்டும். மறுநாளும் உணவைத் தொடாமை, ஓயாத வாந்தி, 39.5 பாகைக்கு மேற்பட்ட சூடு ஆகியவை நல்ல குறிகள் அல்ல. நாய்க்கு 39 பாகை வரை இயல்பான சூடே. நம் கணக்கில் அதைக் காய்ச்சல் என்று கொள்ளக் கூடாது. மூன்றாம் நாளுக்குப் பின் தையலைக் கவனிக்க: சீழ், நாற்றம், பெருகும் வீக்கம், பிரியும் விளிம்பு. குடல் வெளிப்பட்டால் உள்ளே தள்ள முயலாமல், ஈரமான தூய துணியால் மூடி உடனே கொண்டு செல்க. நாம் விழுங்கும் வலி மாத்திரைகளை இரக்கத்தால்கூடக் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சென்னையில் புளூ கிராஸ் 1964இல் தொடங்கிய கருத்தடைப் பணி இன்று நாடெங்கும் நடைபெறுகிறது. 2023ஆம் ஆண்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும். அங்கே அதன் ஈற்றைப் பார்க்க நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்?

கறுப்பிக்கு அன்றிரவே வயிற்றைத் திறந்து குழாயை மீண்டும் கட்டினார்கள், பிழைத்தது. இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்பதை அறுவைக்கு முன்பே விசாரித்து வையுங்கள். நாங்கள் முக்கால் மணி நேரத்தை அதைத் தேடுவதிலேயே கழித்தோம்.