அடிக்கடி அணையும் கணிப்பொறி: காரணமும் தீர்வும்

முன்னுரை

கணிப்பொறி இன்று எழுதுகோலின் இடத்தைப் பெற்றுவிட்டது. எழுதுகோலில் மை தீர்ந்தால் எழுதிய வரி அழிவதில்லை. கணிப்பொறி திடீரென அணைந்தாலோ, சேமித்து வைக்காத பக்கங்கள் அனைத்தும் மறைந்துபோகின்றன. பல இல்லங்களில் காணப்படும் இத்தொல்லைக்குரிய காரணங்களை முறைப்பட ஆராய்ந்து, வீட்டிலேயே செய்யத்தக்கவை எவை, செய்யத்தகாதவை எவை என எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டுரைக்கு வித்திட்ட நிகழ்ச்சி

நம் துறையில் முதுகலை இரண்டாமாண்டு பயின்ற மாணவி ஒருவர், தம் ஆய்வேட்டை வீட்டிலிருந்த பழைய கணிப்பொறியில் தட்டச்சு செய்து வந்தார். ஒப்படைக்கப் பன்னிரண்டு நாள்களே இருந்த நிலையில், அப்பொறி இருபது நிமிடத்திற்கு ஒருமுறை அணையத் தொடங்கிற்று. பழுது நீக்கும் கடையில், மதர்போர்டு கெட்டுவிட்டது என்றும் மாற்றுவதற்கு எட்டாயிரம் ரூபாய் ஆகும் என்றும் கூறினர். தையல் தொழில் செய்யும் அவருடைய தாயார் தம் காதணியை அடகு வைக்க எண்ணியிருந்த வேளையில் செய்தி நம்மை எட்டியது. “இரண்டு நாள் பொறுங்கள் அம்மா, ஒருமுறை பார்த்துவிடுவோம்” என்று கூறி அவர் இல்லம் சென்றோம்.

அணையும் விதத்தை அறிதல்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பதாகும். அங்கு மருத்துவனுக்கு விதிக்கப்பெறும் ஒழுங்கு பொறிக்கும் பொருந்தும். முதலில் பொறி எவ்வாறு அணைகிறது என்பதை உற்றுநோக்குதல் வேண்டும். நீலத்திரை தோன்றிய பின் மீண்டும் தொடங்கினால், ரேம் எனப்படும் நினைவகத்தையோ மென்பொருளையோ ஐயுறலாம். முறையாக விடைபெற்று மூடிக்கொண்டால், ஏதோ ஒரு மென்பொருள் ஆணையிட்டிருக்கக்கூடும். 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் என்னும் தீநிரல், 60 நொடி எண்ணிக் காட்டிக் கணிப்பொறிகளை மூடியது இதற்கு எடுத்துக்காட்டாகும். விளக்கை அணைத்தாற்போல் நொடியில் அணைந்தால், மின்சாரம் அல்லது வெப்பமே பெரும்பாலும் காரணமாகும்.

விண்டோஸ் கணிப்பொறியில் ‘ஈவென்ட் வியூவர்’ என்னும் நாட்குறிப்பும் உண்டு. அதில் 1074 என்னும் எண், பயனாளரோ மென்பொருளோ மூட ஆணையிட்டதைக் குறிக்கும். 6008, 41 ஆகிய எண்கள் பொறி முறையின்றி அணைந்ததைக் குறிக்கும். ஆயினும் 41 என்னும் எண் நோயின் பெயரன்று. நோயாளி மயங்கி விழுந்தார் என்னும் செய்தி மட்டுமே. நாம் பார்த்த பொறியில் 41 பலமுறை பதிவாகியிருந்தது, 1074 இல்லை.

மின்வழியைச் சோதித்தல்

அடுத்துச் சுவரிலிருந்து தொடங்கிப் பொறியை நோக்கி வருதல் வேண்டும். தளர்ந்த பிளக், தேய்ந்த எக்ஸ்டென்ஷன் பலகை, வலுவிழந்த யூ.பி.எஸ். பேட்டரி ஆகியவை எளிய காரணங்கள். யூ.பி.எஸ்.ஸினுள் இருக்கும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். அதனை ஐயுற்றால், கணிப்பொறியை நேரே சுவர் பிளக்கில் இணைத்துப் பார்த்தல் போதும். நாம் அவ்வாறு இணைத்தும் பொறி அணைந்தது.

பொறியின் உள்ளே மின்சாரத்தைப் பகிர்ந்தளிப்பது எஸ்.எம்.பி.எஸ். பெட்டியாகும். 12, 5, 3.3 வோல்ட் ஆகிய அளவுகளில் அது மின்சாரம் தருகிறது. 12 வோல்ட் இணைப்பு 11.4க்குக் குறையவோ 12.6க்கு மிகவோ கூடாது. கடும் வேலை தரும்போது மட்டும் பொறி அணைந்தால் இப்பெட்டியையும் ஐயுறுதல் தகும். ஆனால் இதனை எவரும் திறத்தல் கூடாது. பிளக்கை எடுத்த பின்னும் இதனுள் உள்ள மின்தேக்கிகளில் உயிருக்கு ஊறு செய்யும் மின்சாரம் தங்கியிருக்கும். நல்ல பெட்டி ஒன்றை மாற்றிப் பொருத்திப் பார்ப்பதே வழி.

வெப்பம் என்னும் பகை

அந்த மாணவி கூறிய ஒரு செய்தி நமக்கு வழிகாட்டிற்று. காலையில் முதன்முறை இயக்கினால் இருபது நிமிடம் ஓடுகிறது. உடனே மீண்டும் இயக்கினால் ஐந்து நிமிடத்தில் அணைகிறது. ஒரு மணி நேரம் ஓய்வு தந்தால் மறுபடியும் இருபது நிமிடம் ஓடுகிறது என்றார். ஓய்வுக்கேற்ப ஆயுள் கூடுகிறது எனில், அங்கே ஆறவேண்டிய ஏதோ ஒன்று உள்ளது என்பது தெளிவு.

பிராசஸர் எனப்படும் செயலி, ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடில், தான் எரிந்துபோகாமல் காத்துக்கொள்ள மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யும். எனவே இவ்வாறு அணைவது நோயன்று, தற்காப்பே ஆகும்.

இதனை உறுதி செய்ய, விண்டோசுக்குள் நுழையாமல் பயாஸ் திரையிலேயே பொறியை நிறுத்தி வைத்தோம். அங்கே காட்டப்பெற்ற வெப்பநிலை 70இல் தொடங்கி 95ஐக் கடந்தது, பொறி அணைந்தது. விண்டோஸ் இயங்காதபோதும் அணைந்ததால் மென்பொருள் குற்றமற்றது என்பதும் விளங்கிற்று.

பிளக்கை எடுத்து, பக்கத் தகட்டைக் கழற்றினோம். செயலியின் மேலுள்ள அலுமினியத் தகடுகளின் இடையே தூசி கம்பளம்போல் படிந்திருந்தது. அத்தகடுகளையும் விசிறியையும் பலகையோடு பிணைக்கும் நான்கு பிளாஸ்டிக் முளைகளுள் ஒன்று வெளியே வந்திருந்தது. செயலிக்கும் தகட்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசையும் காய்ந்து பொடிந்திருந்தது. விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் வெப்பம் அதனிடம் வந்து சேரவில்லை.

விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு மென்தூரிகையால் தூசியை நீக்கினோம். பழைய பசையைத் துடைத்து, பயறளவு புதிய பசை இட்டு, நான்கு முளைகளும் ஒலியெழப் பதியும்வரை அழுத்தினோம். பசைக்கு ஆன செலவு இருநூறு ரூபாய்க்கும் குறைவே. அன்று மாலை பயாஸ் திரையில் ஒரு மணி நேரம் நிறுத்தியும் வெப்பநிலை 50ஐத் தாண்டவில்லை.

நினைவில் கொள்ளத்தக்கவை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணம் தந்தது என அறிய இயலாது. பொறியைச் சுவரோடு ஒட்டி வைத்தலும் துணியால் மூடி இயக்குதலும் தவறு. பலகையில் மின்தேக்கிகள் உப்பியிருந்தால் பழுது நீக்குவோரை நாடுதல் நன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, பொறி அடிக்கடி அணையத் தொடங்கிய அன்றே கோப்புகளைப் பென் டிரைவில் படியெடுத்துவிடுதல் வேண்டும்.

முடிவுரை

ஆய்வேடு உரிய நாளில் ஒப்படைக்கப்பெற்றது. காதணி அந்த அம்மையாரின் காதிலேயே இருந்தது. அம்மாணவி ஆய்வேட்டிற்காகப் பயின்ற முறையும் இதுவேயன்றோ? சான்றைத் திரட்டி, ஐயத்தை ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சுவதை முடிபாகக் கொள்ளுதல் ஏட்டுக்கும் பொறிக்கும் பொதுவான நெறியாகும். விலை கேட்பதற்கு முன் காரணம் கேட்கப் பழகுவோமாக.