"சார், கால் வலிக்குது!"

இந்த வரியைக் கேட்காத ஆசிரியர் இருக்க முடியாது. காலை வணக்கக் கூட்டத்தில், விளையாட்டுப் பாடவேளையில், சில நாள் கணக்கு நோட்டை எடுக்கச் சொன்ன அடுத்த நொடியிலும் வரும். அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் எனக்கு இதில் ஒரு தெளிவு தேவைப்பட்டது. எந்த வலிக்கு ஓய்வு போதும், எந்த வலிக்குப் பெற்றோரை அன்றே அழைக்க வேண்டும்? நோயைக் கண்டறிவது மருத்துவர் வேலை. ஆனால் குழந்தை நடப்பதையும் ஓடுவதையும் நாள்தோறும் பார்ப்பவர்கள் நாம்.

இரவில் வந்து காலையில் மறையும் வலி

3 முதல் 12 வயது வரை பரவலாகக் காணப்படுவது 'வளர்ச்சி வலி'. மாலையிலோ இரவிலோ இரண்டு கால்களிலும், தொடை, கெண்டைக்கால், முழங்காலின் பின்புறம் வலிக்கும். காலையில் மறைந்துவிடும். வீக்கம் இருக்காது, குழந்தை நொண்டாது. இதில் ஆபத்தில்லை. ஆனால் இரவெல்லாம் தூங்காத குழந்தை முதல் பாடவேளையில் தூங்கி விழும். திட்டுவதற்கு முன் காரணம் கேட்போம்.

விளையாடும் பிள்ளைகளின் முழங்கால்

கபடி, கோ-கோ, நீளம் தாண்டுதல் பயிற்சி செய்யும் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகள் சிலருக்கு முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே புடைத்து வலிக்கும். வளரும் எலும்பைத் தசைநாண் மீண்டும் மீண்டும் இழுப்பதே காரணம். இதற்கு ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர். பயிற்சியைக் குறைத்தால் வலி தணியும். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்லாம் சுளுக்கல்ல

குழந்தைகளின் நீண்ட எலும்புகளின் முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு உண்டு. அது மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களைவிட வலுக்குறைந்தது. பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் அடி, குழந்தைக்கு எலும்பு முறிவாகலாம். எனவே விழுந்த குழந்தையின் கை, காலை நீவி விடவோ, சொடுக்கு எடுக்கவோ வேண்டாம். அசைக்காமல் தாங்கல் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்புவோம். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஒரு கையைப் பிடித்துத் தூக்கினாலோ இழுத்தாலோ முழங்கை எலும்பு நழுவக்கூடும். மழலையர் வகுப்பு ஆசிரியர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இடுப்பில் நோய், முழங்காலில் வலி

எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று வாரங்களாக நொண்டினான். கேட்டால் முழங்காலைத்தான் காட்டினான். வீட்டில் எண்ணெய் தேய்த்து வந்தார்கள். "முட்டியில வீக்கமே இல்லையே, நடிக்கிறான் சார்" என்றார் அவன் அப்பா. வகுப்பாசிரியை விடவில்லை. "விளையாட்டு மணி அடிச்சாலும் எழுந்திரிக்க மாட்டேங்கிறான், அண்ணா. விளையாட்டுக்கு யாராவது நடிப்பாங்களா?" என்று கேட்டார். மறுநாளே மருத்துவமனைக்குப் போனார்கள். எக்ஸ்ரேயில் தெரிந்தது இடுப்பு மூட்டின் கோளாறு. தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறையும் பெர்த்தஸ் நோய். இடுப்பின் வலி முழங்காலில் உணரப்படுவது குழந்தைகளிடம் வழக்கம். சிகிச்சை தொடங்கியது. அவனுக்காக வகுப்பு, மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாறியது.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

• காய்ச்சலுடன் மூட்டு வலி, காலை ஊன்ற மறுப்பது: மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே மருத்துவமனை.
• நொண்டல் நீடிப்பது, ஒரே இடத்தில் தொடரும் வலி.
• மூட்டு வீக்கம், காலையில் விறைப்பு: குழந்தைகளுக்கும் மூட்டுவாதம் வரும்.
• ஒரு தோள் உயர்ந்திருப்பது, குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாவது: முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கலாம். "நேரா நில்லு" என்று அதட்டுவதால் இது நிமிராது.

நாம் செய்யக்கூடியது

எந்தக் கால், எப்போது வலி, காய்ச்சல் உண்டா, நொண்டல் எத்தனை நாள் என நான்கு விவரங்களைக் குறித்துப் பெற்றோரிடம் கொடுத்தால் மருத்துவருக்கு உதவும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தக் குழந்தையின் பெயரை நாமே சொல்லலாம். ஐயம் இருந்தால் 104 எண்ணில் ஆலோசனை பெறலாம். புத்தகப்பை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டாமல், இரு தோளிலும் மாட்டப்படுகிறதா என்று பார்க்கலாம்.

அடுத்த முறை "கால் வலிக்குது" என்று ஒரு குழந்தை வந்தால், பத்தடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். நடக்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அந்த மறுப்பே போதுமான அறிகுறி.