பிள்ளைகள் இசைக்குழுவும் நம் கொடையும்: வெனிசுவேலா நாட்டின் அனுபவம்



"திருப்பணிக்குக் கொடுக்கிறோம், அன்னதானத்துக்குக் கொடுக்கிறோம், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் கொடுக்கிறோம். இனி வயலின் வாசிக்கவும் கொடுக்க வேண்டுமா, வாத்தியார் ஐயா? அது வசதியுள்ள வீட்டுச் சமாச்சாரம் அல்லவா?" என்று நம் அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியும். ஆனால் இதே காரியத்தை 50 ஆண்டுகளாக நாடு முழுவதும் செய்து பார்த்திருக்கும் ஒரு தேசம் இருக்கிறது. அதன் நிறையும் குறையும் நமக்குத் தெரிந்தால், விடையை அன்பர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள். ஆசிரியர் தொழில் பார்த்தவனின் பழக்கம், எதையும் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தென் அமெரிக்காவின் வடகோடியில் உள்ள வெனிசுவேலா, எண்ணெய் வளம் மிக்க நாடு. ஆயினும் அதன் தலைநகர் கராகஸைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல் ஏழைகளின் குடியிருப்புகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அந்நாட்டில் 1939ஆம் ஆண்டு பிறந்தவர் ஹோசே அந்தோனியோ அப்ரேயு. பொருளாதாரம் பயின்றவர், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், அதே வேளையில் முறையாக இசை கற்றவர். அந்நாளில் வெனிசுவேலாவின் பெரிய இசைக்குழுக்களில் வெளிநாட்டுக் கலைஞர்களே மிகுதியாக வாசித்தனர். இசைப் பள்ளியில் படித்து முடித்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து வாசிக்க இடமில்லை.

1975ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், கராகஸில் கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றில் அப்ரேயு முதல் ஒத்திகைக்கு அழைப்பு விடுத்தார். 100 பிள்ளைகளை எதிர்பார்த்தார். யாரோ நன்கொடையாகக் கொடுத்த 50 இசைத்தாள் தாங்கிகள் தயாராக இருந்தன. வந்தவர்களோ 11 பேர்தான். மூடிவிடுவதா, இந்தப் பதினொருவரைப் பெருக்குவதா என்று அந்தக் கணமே தம்மைக் கேட்டுக்கொண்டதாக அவர் பிற்காலத்தில் கூறினார். நடத்துவது என்று முடிவெடுத்தார். அப்படித் தொடங்கியதுதான் இன்று உலகம் 'எல் சிஸ்தேமா' என்று அழைக்கும் இயக்கம். ஸ்பானிய மொழியில் அதற்கு 'அமைப்பு' என்பதே பொருள்.

100 பிள்ளைகளுக்கு 50 தாங்கி எப்படிப் போதும் என்று கணக்குப் பார்க்கும் அன்பர்கள் கேட்கலாம். இங்கேதான் மேல்நாட்டு இசைக்குழுவின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

சிம்பொனிக் குழுவில் வயலின்காரர்கள் முதல் வயலின், இரண்டாம் வயலின் என இரு அணிகளாக அமர்வார்கள். அடுத்து வயோலா, செல்லோ, ஆளுயர டபுள் பேஸ். அவர்களுக்குப் பின்னால் ஊதும் கருவிகள், அதற்கும் பின்னால் முழவுகள். கச்சேரி தொடங்குமுன் ஓபோ என்னும் ஊதுகருவி ஒரு சுரத்தைப் பிடிக்க, மற்ற அனைவரும் அதற்குச் சுருதி சேர்ப்பார்கள். தந்திக் கருவிக்காரர்களில் இருவருக்கு ஒரு தாங்கி. மேடையின் உட்பக்கம் அமர்ந்திருப்பவர் வாசிப்பதை ஒரு நொடி நிறுத்திப் பக்கத்தைப் புரட்ட வேண்டும். வெளிப்பக்கம் இருப்பவர் விடாமல் வாசிப்பார். ஒருவர் பார்வைக்கு மற்றவர் துணை. இந்த ஏற்பாடு இடத்தை மிச்சப்படுத்த வந்ததுதான். ஆனால் பிள்ளைகள் குழுவில் இதன் பயன் வேறு. நன்றாக வாசிக்கும் பிள்ளையின் பக்கத்தில், தட்டுத்தடுமாறும் பிள்ளையை உட்கார வைத்துவிடலாம். வில் மேலே போகிறதா, கீழே வருகிறதா என்பதை அவன் பக்கத்துப் பையனைப் பார்த்தே பிடித்துக்கொள்வான்.

நம் கோயில் பெரிய மேளத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது நாயனக்காரர் பெரும்பாலும் சீடராகவோ தம்பியாகவோ மகனாகவோ இருப்பார். பெரியவரோடு சேர்ந்து ஊதி, அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, அப்படியேதான் வித்தை கைக்கு வரும். தேர்ச்சி பெற்ற பிறகு வா என்று சொல்லி அவரை வீட்டில் உட்கார வைப்பதில்லை. அப்ரேயு கையாண்ட முறையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. பிள்ளை முதலில் தனியாகச் சில ஆண்டுகள் பயின்று, பிறகு குழுவில் சேரட்டும் என்று அவர் வைக்கவில்லை. ஆரம்பம் முதலே கூட்டத்தின் நடுவில் நாற்காலி. இங்கே நம் பிள்ளைகளிற் பலர் பியானோவுக்கோ வயலினுக்கோ வாரம் ஒரு மணி நேரம் தனி ஆசிரியரிடம் போய், கிரேடு தேர்வு எழுதி, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியதும் கருவியை மூடி வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. யாருடன் சேர்ந்து வாசிப்பார்கள்?

வெனிசுவேலாவில் ஊருக்கு ஊர் உள்ள பயிற்சி நிலையங்களை 'நூக்ளியோ' என்பார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே போய்விடுகிறார்கள். நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம், வாரத்தில் ஐந்து ஆறு நாள். கட்டணமில்லை, கருவி இரவலாகக் கிடைக்கும். மிகச் சிறு பிள்ளைகளுக்குக் 'காகித இசைக்குழு' என்று ஒன்று உண்டு. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து காகிதக் கூழாலும் அட்டையாலும் வயலின், செல்லோ வடிவங்களைச் செய்வார்கள். ஓசை எழாத அந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு, வாயால் பாடி, உட்காரும் முறையையும் வில் பிடிக்கும் முறையையும் பிள்ளை பழகும். கீழே போட்டால் உடைந்துவிடும் என்ற எச்சரிக்கையும் அப்போதே வந்துவிடும். தாயார் தம் கையால் செய்த பொருளைப் பிள்ளை எறிந்து விளையாடாது. ஆரம்பப் பள்ளியில் ரிக்கார்டர் சொல்லிக்கொடுக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியுமாதலால், இந்த யோசனையை நான் பெரிதும் மெச்சுகிறேன்.

கருவி வாங்கித் தரும் அன்பர்கள் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். வயலின் ஒரே அளவில் வருவதன்று. சிறுவர்களுக்குக் கால், அரை, முக்கால், பிறகு முழு அளவு என்று உண்டு. பிள்ளையின் கை நீள நீளக் கருவியும் மாற வேண்டும். ஆகவே ஆளுக்கொரு வயலின் அன்பளிப்பாகக் கொடுத்தால், இரண்டே ஆண்டில் அது வீட்டு அலமாரியின் மேல் ஏறிவிடும். பொதுவில் வைத்து இரவல் கொடுத்து, வளர்ந்தவனிடமிருந்து வாங்கிச் சின்னவனிடம் கொடுத்தால், ஒரு வயலின் பல பிள்ளைகளுக்கு உதவும். தந்தி அறுந்தால் மாற்றவும், வில்லுக்குப் புதிய மயிர் கட்டவும், பூசப் பிசின் வாங்கவும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். நான் அறிந்த ஒரு பள்ளியில், பெருந்தொகை கொடுத்து வாங்கிய இசைக்கருவிகள் கெட்டுப்போகும் என்று பயந்து அலமாரியில் பூட்டியே வைத்திருந்தார்கள். பயந்தபடியே கெட்டுப்போயின, பூட்டியபடியே.

எல் சிஸ்தேமா வளர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் நடந்த அனைத்துலக இளையோர் இசைக்குழு விழாவில் வெனிசுவேலாப் பிள்ளைகள் பெரும் பாராட்டைப் பெற்றனர். அதன் பிறகு அரசாங்கம் செவிசாய்த்தது. 1979ஆம் ஆண்டு அரசு அறநிறுவனம் ஒன்று அமைந்தது. பொருளாதார நிபுணரான அப்ரேயு ஒரு நுட்பம் செய்தார்: கலைத்துறையின் சிறிய நிதியை நம்பியிராமல், இது ஏழைப் பிள்ளைகளுக்கான சமூக நலப்பணி என்று வாதாடி, அந்தத் துறையின் நிதியைப் பெற்றார். ஆட்சிகள் மாறியும் நிதி தொடர்ந்தது. பார்க்கிசிமேத்தோ நகரத்தில் 1981ஆம் ஆண்டு, டிராம்போன் வாசிப்பவரின் மகனாகப் பிறந்த குஸ்தாவோ துதாமெல் இந்த அமைப்பில் வளர்ந்து, 18 வயதில் சிமோன் பொலிவார் இளையோர் இசைக்குழுவை நடத்தத் தொடங்கினார். 2007ஆம் ஆண்டு லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அக்குழு வாசித்தபோது அரங்கமே எழுந்து நின்றது. 2009 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பேரிசைக்குழுவின் தலைமையை ஏற்ற துதாமெல், அங்கும் வசதி குறைந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு இத்தகைய குழுக்கள் பெருகத் துணைநின்றார். காது கேளாத பிள்ளைகள் வெள்ளைக் கையுறை அணிந்து, பாட்டின் பொருளைக் கைகளால் காட்டும் 'வெண்கரக் குழு'வும் வெனிசுவேலாவில் பிறந்ததே.

இதுவரை சொன்னது எல்லோரும் விரும்பிக் கேட்கும் பகுதி. அன்பர் கேட்ட கேள்விக்கு விடை இனிமேல்தான் இருக்கிறது.

இந்த அமைப்பை விரிவாக்க அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி 2007ஆம் ஆண்டு 150 மில்லியன் அமெரிக்க டாலர் கடன் வழங்கியது. கடன் கொடுத்தவர்கள் பயனை அளந்து பார்க்கவும் முன்வந்தார்கள். 16 நூக்ளியோக்களில் சேர விண்ணப்பித்த 6 முதல் 14 வயது வரையுள்ள 2,914 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தனர். ஒரு பகுதியினர் 2012 செப்டம்பரில் சேர்ந்தனர். மற்றவர்கள் ஓராண்டு காத்திருந்தனர். ஓராண்டு முடிவில் இரு சாராரையும் ஒப்பிட்டனர். இசை பயின்ற பிள்ளைகளிடம் தன்னடக்கம் கூடியிருந்தது. நடத்தைக் கோளாறுகள் குறைந்திருந்தன. தாயார் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளிடமும், வன்முறைச் சூழலில் வளரும் பையன்களிடமும் பயன் கூடுதலாகத் தெரிந்தது. அறிவுத்திறன் பெருகியதாகப் பொதுவில் காணவில்லை. இசை படித்தால் கணிதம் வரும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. சேர வந்த பிள்ளைகளில் ஏழைகள் ஏறத்தாழ 16.7 விழுக்காடு. அவர்கள் வாழும் மாநிலங்களிலோ பிள்ளைகளின் வறுமை அளவு 46.5 விழுக்காடு. அதாவது ஏழைகளுக்கென்று நடத்திய வகுப்பில், கட்டணமே இல்லாதிருந்தும், ஏழைகள் குறைவு. யாருக்குப் பயன் மிகுதியோ அவர்களே வந்து சேரவில்லை.

இது எனக்கு வியப்பளிக்கவில்லை. இலவச வகுப்பு என்று அறிவிப்பு ஒட்டினால், முதலில் வருவது யார் பிள்ளை? அறிவிப்புப் பலகையைப் படிக்கும் பழக்கமுள்ள பெற்றோரின் பிள்ளை. மாலையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட ஓர் அப்பா உள்ள பிள்ளை. தங்கையைப் பார்த்துக்கொள்ள மாலை வீட்டுக்கு ஓட வேண்டிய சிறுமி வரமாட்டாள். தாயார் இரவு வேலைக்குப் போகும் வீட்டில் பாரத்தில் கையெழுத்திடவும் ஆள் இராது. வகுப்பைத் திறந்து வைப்பது பாதி வேலைதான். வேன் அனுப்ப வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும், சாயங்காலம் ஒரு ரொட்டியும் மைலோவும் கொடுக்க வேண்டும். நன்கொடைக் கணக்கில் வயலினுக்குப் பக்கத்தில் வேன் வாடகையும் இருந்தால் அதைக் கண்டு யாரும் முகம் சுளிக்கலாகாது என்பது என் கருத்து. விழா மேடையில் வேனுக்கு மாலை போட முடியாதுதான்.

வேறு குறைகளும் உண்டு. ஜெஃப்ரி பேக்கர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், அளவுக்கு மீறிய கண்டிப்பையும், பெரியவர் சொல்வதை மறுபேச்சின்றிக் கேட்கும் முறையையும் கடுமையாகச் சாடினார். பெருமளவு அரசு நிதியில் நடந்ததால் அரசியலும் கலந்தது. 2017ஆம் ஆண்டு ஆர்ப்பாட்டங்களில், இவ்வமைப்பில் வயோலா வாசித்த 18 வயது இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். துதாமெல் அரசைக் கண்டித்துப் பேசினார். அவர் நடத்தவிருந்த தேசிய இளையோர் இசைக்குழுவின் அமெரிக்கப் பயணத்தை அரசு ரத்து செய்தது. 2018ஆம் ஆண்டு அப்ரேயு காலமானார். நாட்டின் பொருளாதாரம் சரிந்து எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெளியேறினர். ஆசிரியர்களும் இசைஞர்களும் அவர்களோடு போயினர். எனினும் 2021 நவம்பரில் 8,573 பேர் கராகஸில் ஒன்றுகூடி வாசித்து, உலகின் மிகப் பெரிய இசைக்குழு என்ற கின்னஸ் சாதனையைப் பெற்றனர். எண்ணிக்கை பெரிதுதான். நான் கேட்க விரும்புவது, அவர்களில் எத்தனை பேர் மலைச்சரிவிலிருந்து இறங்கி வந்தவர்கள் என்பதே.

ஏழைகள் வந்து சேரவில்லை என்ற இந்தக் குறையை வேறு வழியில் அணுகியவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். 2008ஆம் ஆண்டு ஸ்டெர்லிங் நகரில், வறுமைக்குப் பேர்போன ரேப்லோக் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்து, 'பிக் நாய்ஸ்' என்ற பெயரில் பிள்ளைகள் இசைக்குழு தொடங்கினர். யார் வருவார்கள் என்று காத்திருக்கவில்லை. அந்த வட்டாரப் பள்ளிகளின் கீழ்வகுப்புகளுக்கு ஆசிரியர்களே போய், பள்ளி நேரத்திலேயே வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் கற்பித்தனர். கொஞ்சம் வளர்ந்ததும் விருப்பமுள்ளவர்கள் மாலை வகுப்புக்கு வரலாம். தேர்வு இல்லை, விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் முந்திக்கொள்ளவும் வழியில்லை. 2012 ஜூன் மாதம் துதாமெலும் சிமோன் பொலிவார் குழுவும் அங்கு வந்து, கொட்டும் மழையில் திறந்த வெளியில் கச்சேரி நடத்தினர். ரேப்லோக் பிள்ளைகளும் அதே மேடையில் வாசித்தனர். பிறகு கிளாஸ்கோவிலும், 2015ஆம் ஆண்டு அபர்டீன் நகரின் டோரி பகுதியிலும், அதன்பின் டண்டீயிலும் இதே முறையில் குழுக்கள் தோன்றின. 1976இல் வெனிசுவேலாப் பிள்ளைகளைக் கைதட்டி வரவேற்ற அதே அபர்டீன்தான். இப்போது டோரியிலும் ஒரு தாங்கிக்கு இரு பிள்ளைகள் அமர்கிறார்கள். உட்பக்கம் இருக்கும் பிள்ளை பக்கத்தைப் புரட்டுகிறது.