காற்று மின்சாரமும் எமது கிராமங்களும்

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்யும் எந்தக் கமக்காரரிடம் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்: துருசு திறக்குமுன் கூட்டம் நடக்க வேண்டும். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், முதல் தண்ணீர் எந்தத் திகதியில் விடுவது என்பவை அங்கே பேசித் தீர்மானிக்கப்படுகின்றன. வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவரும் கடைசியில் வயல் உள்ளவரும் அதில் இருப்பார்கள். வாக்குவாதம் இல்லாத கூட்டம் அரிது. ஆனால் கூட்டம் வைக்காமல் தண்ணீர் விட்டால் வரும் சண்டை அதைவிடப் பெரிது.

இந்த அனுபவத்தை மனதில் வைத்துக்கொண்டு, எமது கரையில் எழுந்துள்ள காற்றாலைகளைப் பற்றி இப்பாடத்தில் படிப்போம்.

1. காபன் நடுநிலை என்றால் என்ன?

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்கும்போது காபனீரொட்சைட்டு என்னும் வாயு வெளியாகிறது. நிலக்கரியில் ஒரு யூனிற் மின்சாரம் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ வாயு வானில் சேரும். அது போர்வைபோல் நின்று பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மழை பருவம் தவறுவதற்கும் கடல்மட்டம் உயர்வதற்கும் இது காரணமாகிறது. நாம் வெளிவிடும் வாயுவின் அளவும், காடுகள் முதலியவை உள்வாங்கும் அளவும் சமமாகும் நிலையே காபன் நடுநிலை. வரவும் செலவும் ஒத்துப்போகும் கணக்கைப் போன்றது இது.

2. நாடுகள் ஏன் கைகோர்க்கின்றன?

வானத்திற்கு வேலி இல்லை. ஒரு நாடு எரிப்பதால் இன்னொரு நாடு பாதிக்கப்படுகிறது. எனவே 1992 இல் றியோ நகரிலும் 2015 இல் பாரிஸ் நகரிலும் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் அதன் அளவு வேறு என்பது இவற்றின் அடிப்படை. இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டு சராசரியாக ஒரு தொன் அளவில் உள்ளது. அமெரிக்கர் ஒருவருக்கு அது பத்துத் தொன்னிலும் அதிகம். இதனால் செல்வந்த நாடுகள் ஏழை நாடுகளுக்கு நிதியுதவி செய்ய வேண்டும் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2035 அளவில் ஆண்டுக்கு 300 பில்லியன் டொலர் திரட்டுவதாக 2024 இல் பாகு மாநாட்டில் வாக்களிக்கப்பட்டது. எனினும் இதுவரை வந்த பொதுநிதியில் பெரும்பகுதி கடன் என்பதைக் கவனிக்க வேண்டும். கடனைத் திருப்பிக் கட்டுவது எமது மக்களே.

3. மன்னாருக்கு வந்தது என்ன?

இலங்கை 2030 இல் தனது மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறவும், 2050 இல் காபன் நடுநிலையை அடையவும் இலக்கு வைத்துள்ளது. சீனக் கடனில் கட்டப்பட்ட நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் கொள்ளளவு 900 மெகாவாற். அதிலிருந்து விடுபட வேண்டுமானால் காற்றும் வெயிலும் தேவை. சோளகக் காற்று பலமாக வீசும் மன்னார் தீவு எல்லோருடைய கண்ணிலும் பட்டது.

ஆசிய அபிவிருத்தி வங்கியின் 200 மில்லியன் டொலர் கடனுதவியுடன் மின்சார சபை தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நிறுவியது. அவற்றைச் செய்தது டென்மார்க் நிறுவனம். கொள்ளளவு 103.5 மெகாவாற். 'தம்பபவனி' என்ற பெயரில் 2020 டிசெம்பரில் இது திறக்கப்பட்டது. அடுத்து இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்க முன்வந்தது. யூனிற்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலைக்கு 2024 மே மாதத்தில் அமைச்சரவை இணங்கியது. சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. புதிய அரசு விலையை மீண்டும் பேச முற்பட்டது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது.

4. இரண்டு உடன்படிக்கைகள், ஒரே கரை

சர்வதேச ஒத்துழைப்பு எமது கரைக்கு வேறொரு வழியாலும் வந்துள்ளது. சதுப்புநிலங்களைப் பாதுகாக்கும் றம்சார் உடன்படிக்கையின் கீழ் வங்காலை சரணாலயம் 2010 இல் சேர்க்கப்பட்டது. மத்திய ஆசியாவிலிருந்து பனிக்காலத்தில் தெற்கே வரும் பறவைகளின் பாதையில் மன்னார் இருக்கிறது. பூநாரைகள் வங்காலைக் களப்பில் இறங்குகின்றன. கட்டுக்கரைக் குளமும் நீர்ப்பறவைகளுக்கு அடைக்கலம் தருகிறது. ஓர் உடன்படிக்கை பறவையைக் காக்கச் சொல்கிறது. மற்றொன்றின் பெயரால் அதே வான்வழியில் இறக்கைகளும் மின்கம்பிகளும் வருகின்றன. இரண்டு நோக்கங்களும் நல்லவையே. எந்த இடத்தில், எத்தனை என்பதே கேள்வி.

5. மக்கள் கேட்டவை

புதிய காற்றாலைகளுக்கான பாகங்கள் தீவுக்குள் கொண்டுவரப்பட்டபோது, 2025 ஓகஸ்டில் மக்கள் வீதியில் இறங்கினர். ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். செப்டெம்பரில் அனுமதி மீண்டும் வழங்கப்பட, மக்களும் பொலிசாரும் மோதும் நிலை ஏற்பட்டது. இனி மக்களின் சம்மதமின்றித் தீவில் மேலும் புதிய காற்றாலைத் திட்டங்கள் வரா என்று அரசு கூறியது.

மக்கள் சொன்னவை இவை: திட்டத்திற்காகப் போட்ட வீதிகளாலும் மேடைகளாலும் மழைவெள்ளம் வடியாமல் நிற்கிறது, கரைவலையில் மீன் குறைந்துவிட்டது, சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது. இவற்றில் எது எவ்வளவு என்பதை நேர்மையான ஆய்வே காட்ட முடியும். ஆனால் ஒன்று உறுதி. தாழ்ந்த மணல்தீவில் வாழ்பவருக்கு மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது எந்தப் பொறியியலாளருக்கும் முன்னரே தெரியும். அவரிடம் கேட்பதற்கு டொலர் தேவையில்லை.

காற்றாலை வேண்டாம் என்பது எமது நிலைப்பாடன்று. நிலக்கரிப் புகையால் கெடும் காலநிலை முதலில் தாக்குவது கமக்காரரையும் கடற்றொழிலாளரையுமே. ஆனால் எரிபொருள் தூய்மையானது என்பதால் அதைக் கொண்டுவரும் முறையும் தூய்மையாகிவிடாது. கொழும்பும் வெளிநாடும் கையெழுத்திட்ட பின் கிராமத்துக்கு அறிவிப்பது, துருசைத் திறந்துவிட்டுக் கூட்டம் கூப்பிடுவதைப் போன்றது.

6. நாம் செய்யக்கூடியவை

(அ) சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது கருத்துக்கூறும் காலம் 30 வேலை நாட்கள். அதைத் தவறவிடாமல், சங்கத்தில் இருவராவது அறிக்கையை வாசித்து மற்றவர்களுக்கு விளக்க வேண்டும்.

(ஆ) 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒப்பந்தம், விலை, காணி ஆகியவை பற்றி எழுத்தில் கேட்கலாம்.

(இ) வெள்ளம் நின்ற இடம், உயரம், நாட்கள், வலையில் பட்ட மீனின் நிறை ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். திகதியிட்ட குறிப்பு, கூட்டத்தில் எழுப்பும் சத்தத்தைவிட வலியது.

(ஈ) பறவைப் பாதையும் குடிமனைகளும் இல்லாத மாற்று இடங்கள் எவை, கிராமத்துக்குக் கிடைக்கும் நிலையான பங்கு என்ன என்று கேட்க வேண்டும்.

கலந்துரையாடலுக்கு:

1. எமது கிராமத்தில் கடைசியாக வந்த பெரிய திட்டத்தைப் பற்றி நாம் எப்போது அறிந்தோம்? தொடங்குமுன்னரா, பின்னரா?

2. கூட்டத்துக்கு யார் வருகிறார்கள்? பெண்களும் காணியற்றவர்களும் பேசுகிறார்களா?

3. எமது வாய்க்காலின் கடைசி வயல்காரருக்கு நாம் நியாயம் செய்கிறோமா? செய்யாவிட்டால், உலகத்திடம் எப்படி நியாயம் கேட்போம்?