மின் பற்றாசுக்கோலும் நாமும்

சூரிய விளக்கு எரியவில்லை. றேடியோ கரகரக்கிறது. ரோச் லைற் தட்டினால் எரிகிறது, தட்டாவிட்டால் அணைகிறது. இப்படியான பொருட்களைத் திறந்து பார்த்தால், பல வேளைகளில் குறை ஒரேயொரு இடத்தில்தான் இருக்கும். ஒரு கம்பி தான் ஒட்டியிருந்த இடத்தைவிட்டுக் கழன்றிருக்கும், அல்லது கழன்றும் கழலாமலும் நிற்கும். ஒரு துளி பற்றாசு அதைச் சரிசெய்துவிடும். அந்த ஒரு துளியை வைக்கத் தெரியாததால் எத்தனையோ பொருட்கள் குப்பைக்குப் போகின்றன.

2022 பங்குனி மாதக் கடைசியில் எமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. பழைய விளக்குகளையும் பற்றரிகளையும் தேடி எடுக்கவேண்டிய காலம் அது. புதியவற்றின் விலையோ கைக்கெட்டாததாய் இருந்தது. திருத்தத் தெரிந்த கைகளின் மதிப்பு அப்போது எல்லோருக்கும் விளங்கிற்று. இளைஞர், யுவதிகள் குறைந்த முதலுடன் தொடங்கக்கூடிய தொழில்களுள் இதுவும் ஒன்று.

ஆனால் இதை அரைகுறையாகக் கற்றால் மூன்று பேருக்குத் தீங்கு வரும். வேலை செய்பவருக்குத் தீக்காயமோ மின்தாக்கமோ நேரலாம். திருத்திய பொருளை நம்பி வாங்கிச் செல்பவரின் வீட்டில் தீப்பிடிக்கலாம். வேலைசெய்த இடத்தில் தவழும் குழந்தையின் உடலில் ஈயம் சேரலாம். ஆகவே இப்பாடத்தில் திறமையையும் பாதுகாப்பையும் சேர்த்தே படிப்போம்.

1. பற்றாசு என்பது என்ன?

கடையில் நாம் 'சோல்டர்' என்றோ வெறுமனே 'ஈயம்' என்றோ கேட்டு வாங்குவதுதான் பற்றாசு. ஆனால் அது தனி ஈயம் அன்று. வெள்ளீயமும் ஈயமும் கலந்த கலப்புலோகம். சுருளின் மீது 60/40 என்று இருந்தால், நூறு பங்கில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம் என்பது பொருள். இது 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கி, 190 பாகையளவில் முழுதாக உருகிவிடும். 63/37 என்ற கலவை 183 பாகையிலேயே ஒரேயடியாக உருகி, ஒரேயடியாக இறுகும்.

ஈயம் கலவாத பற்றாசும் உண்டு. 2006 ஆடி 1ஆந் திகதி முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியதிலிருந்து தொழிற்சாலைகள் அதற்கு மாறத் தொடங்கின. அது உருக 217 முதல் 227 பாகை வரை வேண்டும். எனவே சற்றுக் கூடிய சூடும் பொறுமையும் தேவை.

பற்றாசுக் கம்பியின் நடுவே பைன் மரப் பிசினிலிருந்து செய்யப்பட்ட றோசின் இருக்கும். உலோகத்தின் மேல் படிந்த ஒட்சைட்டை நீக்கி, பற்றாசு பரவிப் பிடிக்கச் செய்வது அதுவே. தகரவேலை செய்வோர் பயன்படுத்தும் அமிலத்தை மின்னணு வேலைக்கு ஒருபோதும் எடுக்கக்கூடாது. இன்று ஒட்டும், சில மாதங்களில் மெல்லிய செப்புக் கம்பியை அரித்துத் தின்றுவிடும்.

2. எந்தக் கோல் வாங்குவது?

றேடியோ, சூரிய விளக்கு போன்றவற்றுக்கு 25 முதல் 40 வாற்று வரையான கோல் போதும். தடித்த பற்றரிக் கம்பிகளுக்கு 60 முதல் 100 வாற்று வேண்டும். சிறிய கோலைத் தடித்த கம்பியில் நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தால், இணைப்பு சூடாகுமுன் கம்பியின் உறைதான் உருகும்.

மின்சாரம் எட்டாத இடங்களுக்கு 12 வோல்ற்றுக் கோல்கள் உள்ளன. கணக்கு எளிது. 30 வாற்றை 12 வோல்ற்றால் பிரித்தால் 2.5 அம்பியர். ஒரு மணித்தியால வேலைக்கு 2.5 அம்பியர்-மணி செலவாகும். 7 அம்பியர்-மணி பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்காதிருப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. ஆகவே அதில் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் வேலை செய்யலாம்.

230 வோல்ற்றுக் கோலாயின் மூன்று கம்பி உள்ளதைத் தெரிவுசெய்யுங்கள். மூன்றாவது கம்பி புவிக் கம்பி. உள்ளே காப்பு பழுதாகி உலோக உடலுக்கு மின் பாய்ந்தால் அதை நிலத்துக்குக் கொண்டுபோவது அதுவே. மூன்று ஊசிச் செருகியில் நடுவிலுள்ள ஊசியை வெட்டி எறிந்துவிட்டுப் பயன்படுத்தும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இது உயிரோடு விளையாடுவதாகும். 13 அம்பியர்ச் செருகியாயின் உள்ளேயுள்ள 13 அம்பியர் உருகியைக் கழற்றி 3 அம்பியர் உருகியைப் போடுங்கள். 30 வாற்றுக் கோல் எடுப்பது 0.13 அம்பியர் மட்டுமே.

3. வேலைக்கு முன்

அ. மேசை மரத்தாலானதாக, உலர்ந்ததாக இருக்கட்டும். நிலத்தில் சாக்கை விரித்து அதன்மேல் வேலை செய்யாதீர்கள். காலில் செருப்பு இருக்கவேண்டும். மழையில் நனைந்தபடி, ஈரக் கையுடன் செருகியைத் தொடக்கூடாது.

ஆ. கோலுக்கு ஒரு தாங்கி அவசியம். தடித்த கம்பியைச் சுருளாக வளைத்து, பலகையில் ஆணியடித்து நீங்களே செய்துகொள்ளலாம்.

இ. கோலின் வயர் மேசை விளிம்பில் தொங்கக்கூடாது. குழந்தை பிடித்து இழுக்கும்; நடப்பவர் கால் தட்டும். சூடான முனை வயரில் பட்டாலும் உறை உருகி உள்ளே கம்பி வெளிப்படும். கிழமைக்கொரு முறை வயரை முழுநீளமும் பாருங்கள்.

ஈ. மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர், சாராயக் கரைசல் எதுவும் அருகில் வேண்டாம்.

உ. கண்ணாடி அணியுங்கள். கம்பியை வெட்டும்போது பறக்கும் துண்டும், தெறிக்கும் பற்றாசும் கண்ணைத்தான் முதலில் தேடி வரும்.

ஊ. திருத்தும் பொருளை மின்னிலிருந்தும் பற்றரியிலிருந்தும் முழுதாகப் பிரித்த பின்னரே தொடங்குங்கள்.

ஒரு முக்கிய குறிப்பு: முனையின் வெப்பம் 350 பாகையளவில் இருக்கும். ஆனால் இரும்பு உலைபோல அது சிவந்து தெரியாது. குளிர்ந்த கோலும் கொதிக்கும் கோலும் கண்ணுக்கு ஒன்றுதான். எனவே எப்போதும் அது சூடாக இருப்பதாகவே கருதுங்கள். கை தவறி விழுந்தால் பிடிக்க முயலாதீர்கள். விழட்டும், பிறகு செருகியைக் கழற்றிவிட்டு எடுங்கள்.

4. இணைக்கும் முறை

முதலில் முனையைத் தயார்செய்வோம். சூடேறியதும் ஈரமான ஸ்பொஞ்சில் ஒருமுறை துடைத்து, உடனே சிறிது பற்றாசை உருக்கிப் பூசுங்கள். முனை வெள்ளியாய் மினுங்கவேண்டும். கறுத்த முனை சூட்டைக் கடத்தாது. பழைய செப்பு முனைகளை அரத்தால் தேய்க்கலாம். இன்றைய முனைகளோ செப்பின்மேல் இரும்பு பூசப்பட்டவை. அவற்றை அரத்தாலோ மண்கடதாசியாலோ தேய்த்தால் பூச்சுப் போய், செப்பு சில நாட்களில் கரைந்துவிடும்.

அடுத்து, இணைக்கவேண்டிய இரண்டையும் சுத்தஞ்செய்யுங்கள். கரையோரக் கிராமங்களில் உப்புக் காற்றால் கம்பிகள் கறுத்தும் பச்சை பிடித்தும் இருக்கும். அப்பகுதியை வெட்டிவிட்டு, பளபளக்கும் செம்பு தெரியும்வரை உறையை உரியுங்கள். பின்பு கம்பியை முறுக்கியோ கொளுவியோ இணைப்பை அசையாமல் நிறுத்துங்கள்.

இப்போது முனையை இரண்டு பாகங்களிலும் ஒரேநேரத்தில் படும்படி வையுங்கள். ஒன்று, இரண்டு என எண்ணுங்கள். பற்றாசை முனையில் அல்ல, சூடேறிய இணைப்பில் தொடுங்கள். அது தானாக உருகி ஓடும். போதுமானதும் முதலில் பற்றாசை எடுங்கள், பிறகு கோலை எடுங்கள். இறுகும்வரை அசைக்கவேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். சிறிய இணைப்பொன்றுக்கு எல்லாமாக மூன்று நான்கு விநாடிகள் போதும்.

பற்றாசை முனையில் உருக்கி, அதைச் சுமந்துவந்து இணைப்பில் தேய்ப்பது பலரிடம் உள்ள பழக்கம். வழியிலேயே றோசின் புகைந்து போய்விடும். குளிர்ந்த கம்பியின்மேல் பற்றாசு உருண்டையாய் நிற்கும், ஆனால் பிடித்திருக்காது.

அலுமினியத்தில் சாதாரண பற்றாசு பிடிக்காது. அதன்மேல் உடனுக்குடன் படரும் ஒட்சைட்டே காரணம். அங்கே திருகாணி இணைப்பே நல்லது.

5. நல்ல இணைப்பை அறிவது எப்படி?

நல்ல இணைப்பு சிறு மலைபோல அடி பரந்து, பக்கங்கள் உட்குழிந்து, கம்பியின் வடிவம் தெரியும்படி இருக்கும். ஈயம் கலந்த பற்றாசாயின் மினுங்கும். ஈயம் கலவாதது சற்று மங்கலாகவே இருக்கும், அது குறையன்று. உருண்டை திரண்டு நின்றால், அல்லது வெடிப்பும் சொரசொரப்பும் தெரிந்தால், அது குளிர் இணைப்பு. மீண்டும் சூடாக்கி, சிறிது புதிய பற்றாசு சேருங்கள்.

இறுதியாகக் கம்பியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நமது கையில் கழல்வது வாங்கிச் செல்பவர் வீட்டில் கழல்வதைவிட நல்லது. குறை இணைப்பு வழியே மின் பாயும்போது அவ்விடம் சூடேறும். பெரிய மின்னோட்டமாயின் உறை கருகித் தீயும் பிடிக்கலாம்.

6. கோலை வைக்கக்கூடாத இடங்கள்

பற்றரிக் கலங்கள்: லிதியம் கலத்தின்மேல் நேரே பற்றாசு வைக்காதீர்கள். சூடு உள்ளே இறங்கினால் கலம் புகைந்து தீப்பற்றலாம். உலோகத் தகடு ஏற்கெனவே பற்றவைக்கப்பட்ட கலத்தை வாங்கி, அத்தகட்டின் நுனியில் கம்பியை இணையுங்கள், அல்லது கலத்தாங்கியைப் பயன்படுத்துங்கள். மோட்டார் வாகனப் பற்றரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயு வெளிவரும். அதனருகே சூடான கோலும் பொறியும் வெடிப்பை உண்டாக்கும்.

எரிபொருள் தாங்கிகள்: வெறுமையாய்த் தோன்றும் பெற்றோல் தாங்கியில் ஆவி நிறைந்திருக்கும். அதில் பற்றாசு வைக்கவே கூடாது.

சமையல், குடிநீர்ப் பாத்திரங்கள்: ஒழுகும் கேத்தலையும் தண்ணீர்க் குழாயையும் ஈயப் பற்றாசால் அடைக்கவேண்டாம். ஈயம் நீரில் கரைந்து இறங்கும். ஐக்கிய அமெரிக்கா 1986இல் குடிநீர்க் குழாய்களில் ஈயப் பற்றாசைத் தடைசெய்தது இதனாலேயே.

மின்னேற்றம் நிற்கும் கொள்ளளவிகள்: 230 வோல்ற்றில் நேரே இயங்கும் பல பொருட்களின் உள்ளே, செருகியைக் கழற்றிய பின்னும் 320 வோல்ற்று வரை தங்கியிருக்கலாம். அவற்றை இறக்கப் பழகியவர் பக்கத்தில் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

7. புகையும் ஈயமும்

வேலை செய்யும்போது எழும் வெண்புகை ஈயத்தின் ஆவி அன்று. அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவதில்லை என்றே சொல்லலாம். அது றோசின் புகை. நாள்தோறும் சுவாசித்தால் தொய்வு நோயை உண்டாக்கவல்லது. யன்னலருகே அமருங்கள். தலையைப் புகைக்கு நேர்மேலே வைக்காதீர்கள். சிறு மின்விசிறியொன்று புகையைப் பக்கவாட்டில் வெளியே தள்ளினால் நல்லது.

ஈயம் வருவது கையாலும் வாயாலும். வேலை நடுவே பிளேன்ரீ குடிப்பது, வெற்றிலை போடுவது, பற்றாசுக் கம்பியைப் பல்லால் கடித்துப் பிடிப்பது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். மேசையை ஈரத் துணியால் துடையுங்கள். சிந்திய துளிகளைப் பேணியொன்றில் சேர்த்து மூடிவையுங்கள். வளரும் குழந்தையின் மூளையையும் வயிற்றிலுள்ள சிசுவையும் ஈயம் பாதிக்கும். எனவே குசினியிலும் பிள்ளைகள் படுக்கும் அறையிலும் இவ்வேலை வேண்டாம்.

8. விபத்து நேர்ந்தால்

சுட்ட இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். குழாய் இல்லாவிட்டால் கிணற்று நீரை மெதுவாக வார்த்துக்கொண்டிருங்கள். பற்பசை, எண்ணெய், மை எதுவும் பூசாதீர்கள். கொப்புளத்தை உடைக்கவேண்டாம். கண்ணில் பட்டால், அல்லது காயம் பெரிதாயின், ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

ஒருவரை மின் தாக்கினால் அவரைத் தொடுமுன் பிரதான சுவிச்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால், உலர்ந்த பலகையில் நின்றுகொண்டு உலர்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

குழுவாகச் செய்வதற்கு

(1) எட்டுச் செப்புக் கம்பித் துண்டுகளைச் சதுரக் கட்டங்களாய் இணைத்து, ஒவ்வொரு மூலையிலும் பற்றாசு வையுங்கள். ஒருவர் செய்ததை மற்றவர் இழுத்துப் பார்த்து, கழன்றதற்குக் காரணம் சொல்லட்டும்.

(2) எரியாத பழைய ரோச் லைற் ஒன்றைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு இணைப்பையும் நல்லது, குளிர்ந்தது, அரித்தது என வகைப்படுத்துங்கள்.

(3) உங்கள் ஊரில் திருத்தும் வேலை நடக்கும் இடங்களுக்குச் சென்று பாருங்கள். புவிக் கம்பி உண்டா? கோலுக்குத் தாங்கி உண்டா? பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்? குறை கண்டால் குற்றஞ்சாட்டாமல், சேர்ந்து சரிசெய்ய என்ன செய்யலாம் எனக் கலந்துரையாடுங்கள்.

இம்மூன்றையும் செய்து முடித்த குழு, அடுத்த கட்டமாகச் சூரிய விளக்கொன்றை முழுதாகப் பிரித்துத் திருத்தத் தொடங்கலாம்.