குழியும் தரையும் – தோல்வியில் இருந்து படிக்கும் பாடம்



லயத்து வாசலில் உட்கார்ந்து போனில் கேம் விளையாடும் பிள்ளையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பத்துத் தடவை தோற்றாலும் பதினோராவது தடவை ஆடும். அதே பிள்ளை தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 22 புள்ளி எடுத்தால், "எனக்குக் கணக்கு வராது" என்று கொப்பியை மூடிவிடும். அங்கே இருக்கிற துணிவு இங்கே எங்கே போகிறது? இதை நாம் யோசிக்கத்தான் வேண்டும். சாதாரண தரத்தில் கணிதம் தவறியதும் படிப்பை விட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் மத்தியில் உண்டு.

மரியோ சொல்லும் பாடம்

1985இல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பனி 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' என்ற வீடியோ விளையாட்டை வெளியிட்டது. அதை அமைத்தவர்கள் ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி டெசுக்கா. ஆடுபவருக்கு முதலில் மூன்று உயிர். தொடங்கிய சில விநாடியில் காளான் மாதிரி ஒரு எதிரி எதிரே நடந்து வரும். சும்மா நின்றால் ஒரு உயிர் போகும். ஆனால் ஆட்டம் இப்போதுதானே தொடங்கியது, நட்டம் சில விநாடிதான். அடுத்த முறை பிள்ளை தானாகவே குதிக்கும்.

அந்த முதல் கட்டத்தின் கடைசிப் பக்கத்தில் படிக்கட்டு போலக் கற்கள் அடுக்கி, நடுவில் இடைவெளி விட்டிருக்கும். முதல் இடைவெளியில் கீழே தரை உண்டு. விழுந்தாலும் ஏறி வரலாம். அடுத்து அதே மாதிரி இன்னொரு இடைவெளி. அதில் தரை இல்லை, விழுந்தால் உயிர் போய்விடும். தரை உள்ள இடத்தில் பழகவிட்டுப் பிறகுதான் குழிக்குக் கொண்டுபோகிறார்கள்.

அந்தத் தோல்வி ஏன் பிள்ளையை உடைப்பதில்லை?

1. நட்டம் சிறியது. கவ்வாத்து வெட்டும்போது நாம் அளவு பார்த்துத்தானே வெட்டுகிறோம்? அளவு தப்பினால் செடி பட்டுப்போகும்.

2. காரணம் உடனே தெரிகிறது. எந்த இடத்தில், எதனால் விழுந்தோம் என்பது கண்முன்னே நடக்கிறது. 22 என்ற புள்ளியோ எங்கே பிழைத்தது என்று சொல்வதில்லை.

3. யாரும் ஏசுவதில்லை. மறுபடி ஆட இடம் இருக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

கடந்தகால வினாத்தாள்தான் நமக்குத் தரை உள்ள இடைவெளி. மணிக்கூட்டைப் பார்த்து நேரம் வைத்துப் பிள்ளை அதைச் செய்யட்டும். பிழைத்தால் நட்டம் ஒரு தாளும் கொஞ்ச நேரமும்தான்.

பிழைக்கென்று ஒரு கொப்பி வையுங்கள். 1/2உடன் 1/3ஐக் கூட்டி 2/5 என்று எழுதினால், "பகுதியைச் சமப்படுத்தவில்லை" என்று பக்கத்தில் காரணத்தையும் எழுத வேண்டும். சரியான விடை 5/6. ஒரே காரணம் நாலைந்து தடவை வந்தால், குழி எங்கே என்று தெரிந்துவிட்டது. அதை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டலாம்.

"எத்தனை புள்ளி?" என்று கேட்பதற்கு முன்னால் "எங்க பிழைச்சது, புள்ள?" என்று கேளுங்க. எழுத வாசிக்கத் தெரியாத அம்மாவும் இதைக் கேட்கலாம்.

சாதாரண தரத்தில் தவறிய பாடத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மீண்டும் தோற்றலாம். பெறுபேறு வந்த அன்றே பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை

காசு வைத்து ஆடும் விளையாட்டு வேறு. அங்கே முடிவு அதிர்ஷ்டத்தின் கையில். எத்தனை தரம் தோற்றாலும் கையில் ஒரு திறமையும் மிஞ்சாது.

இன்னொன்று, எல்லா இழப்பையும் விளையாட்டோடு ஒப்பிடக் கூடாது. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவரிடம் "இதிலும் பாடம் இருக்கு" என்று சொல்லப் போகாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள், அது போதும்.

வீட்டில் பேசிப் பார்க்க

* நம்ம பிள்ளை கடைசியாகத் தோற்றபோது நாம் முதலில் சொன்ன வார்த்தை என்ன?
* பயமில்லாமல் பிழைவிட நம் வீட்டில் இடம் இருக்கிறதா?
* இந்த வாரம் எந்தப் பாடத்தின் பிழையைத் தேடப் போகிறோம்?